கூப்பிடு தூரம்

“யார் வூட்டு விசேஷம்?” என்றுதான் பச்சைமுத்து முதலில் கேட்டார்.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலை பிரிகிற இடத்தில் அவருக்கு ஒரு பஞ்சர் கடை. குணமதி போய் நின்றபோது லாரி ட்யூப் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

விசேஷம் ஒன்றும் இல்லை என்றாள் குணமதி. அப்படியானால் கோயில் காரியமா என்றார். அதுவும் இல்லை என்றாள். பிறகு, வரும் வழியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பிரான்சிலிருந்து ஐந்து பேர் வந்து பொம்மையார்பாளையத்தில் தங்கியிருக்கிறார்கள், ஜாஸ் வாசிக்கிறவர்கள், இரும்பை கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை ஸ்டூடியோவாக்கி இசைத்தட்டு ஒன்று பதிவு செய்கிறார்கள், ஒரு ஏரிக்கரையில் அவர் பம்பை அடித்ததைக் கேட்டுவிட்டு, தட்டில் அவரும் வேண்டும் என்கிறார்கள்.

சினிமாவா என்று கேட்டார். இல்லை என்றாள். அந்தப் பாட்டுக்கு ஆடுவார்களா என்றார். உட்கார்ந்து கேட்பார்கள் என்றாள். யார் கேட்பார்கள் என்றார். அந்த ஊர்க்காரர்கள், அவரவர் வீட்டில் வைத்துக் கேட்பார்கள் என்றாள்.

குமிழி அகப்பட்டது. அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைத்தார்.

“இன்னா அடிக்கணுமாம்?”

“பூவாடை அழைப்புக்கு அடிப்பீங்களே, அது.”

அப்போதுதான் நிமிர்ந்தார். “யாரக் கூப்புடறது?”

“யாரையும் இல்லீங்க. சும்மா அடிச்சாப் போதுமாம்.”

பச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆளில்லாத வூட்டுக் கதவப் போய்த் தட்டச் சொல்றாங்க. நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?”

“மல்லாட்டை மண்டி தரணேந்திர நயினார் பொண்ணுங்க.”

“நயினார் வூட்டுல இந்தப் பழக்கமே கெடையாதே. ஒனக்கு இன்னா தெரியும்னு ஒன்ன அனுப்பிச்சாங்க?”

“எனக்கு பாஷை தெரியும்ங்க.”

“எது, அவங்க பாஷையா, எங்க பாஷையா?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “சரி, வர்றேன். யாரும் வரலன்னா ஒண்ணும் இல்ல. வந்துட்டாத்தான் பேஜாரு,” என்றார்.

அது எண்பத்து நான்காம் வருஷம், மாசி மாதம். குணமதிக்கு அப்போது இருபத்தோரு வயது. வல்லத்தில் பூர்விகம், திண்டிவனத்தில் வேர்க்கடலை வியாபாரம் என்றிருந்த சமணக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் புதுச்சேரிக்குப் போய்த் தமிழும் பிரெஞ்சும் படித்தவள். இரண்டு பாஷை தெரிந்தும் வீட்டில் அவள் குரல் கேட்பது அபூர்வம். மொழிபெயர்க்க அழைத்தபோது ஒப்புக்கொண்டதற்குக் காரணமே, மற்றவர்கள் சொன்னதைச் சொன்னால் போதும், தானாக ஒன்றும் பேச வேண்டியதில்லை என்பதுதான்.

பூவாடை என்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைக்க வேண்டும். ஏரிக்கரையிலோ கிணற்றங்கரையிலோ ஒரு கும்பத்தில் தண்ணீர் நிறைத்து, பூச்சுற்றி வைத்து, பம்பைக்காரர் அவள் பேரைச் சொல்லிப் பாடுவார். அவள் குடும்பத்தில் யார் மேலாவது வருவாள். யார் வந்தது, என்ன வேண்டும், வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்பார்கள். அவள் பதில் சொன்ன பிறகு கும்பத்தில் இறங்குவாள். கும்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் புடவை சாத்துவார்கள். அவள் வராத வீட்டில் பந்தக்கால் நட மாட்டார்கள்.

பச்சைமுத்து இதற்கென்று பிறந்தவர் அல்ல. லாரி கிளீனராக ஓடிக்கொண்டிருந்தவர், ஒருமுறை செஞ்சியில் வண்டி பழுதாகி நின்றபோது ஒரு பம்பைக் கோஷ்டியோடு சேர்ந்து, அப்படியே போய்விட்டவர். பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளம். தோல் விளிம்பு விட்டுப்போனால் பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுவார். அதனாலேயே மற்ற கோஷ்டிக்காரர்கள் அவரைச் சொல்யூஷன் என்று கூப்பிடுவார்கள். அவர் அழைத்து வராத பூவாடை இல்லை என்று பெயர்.

அவருடைய மனைவி பாஞ்சாலி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வயிற்றில் ஆபரேஷன். முடிந்த பிறகு தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டு பச்சைமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் தண்ணி கொடு என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், குடிக்காமலேயே போய்விட்டாள். ஒனக்கென்னப்பா, நெனச்சா நெனச்ச நேரம் கூப்பிட்டுக்கலாம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பம்பைக்காரன் தன் வீட்டுப் பூவாடையைத் தானே கூப்பிடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் தினமும் கேட்ட புருஷன் குரல் அது. சோறு போடக் கூப்பிடுகிறானா, செத்தவளாகக் கூப்பிடுகிறானா என்று அவளுக்குத் தெரியாது. வந்துவிட்டு எங்கே நிற்பது என்று புரியாமல் நிற்பாள். அதனால் மகள் செண்பகத்தின் கல்யாணம் வரட்டும், வேறு ஆளை வைத்து முறையாக அழைப்போம் என்று பொறுத்திருந்தார்.

இதையெல்லாம் குணமதி பிற்பாடுதான் தெரிந்துகொண்டாள்.

இரும்பைப் பக்கத்து வீட்டில் ஜன்னல்களுக்கெல்லாம் மெத்தை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. சத்தம் கேட்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டிருந்தார்கள். மர்சேல் என்பவர் ஆளுயர வயலினைக் கட்டிப்பிடித்தபடி நின்றார், அவர்தான் தலைவர். ஓதில் என்ற ஒல்லியான பெண் கருத்த நீளக் குழல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வாசிப்பில் மெட்டு என்று ஒன்று கிடையாது. ஒருவர் எதையோ கேட்பதுபோல் வாசிப்பார். மற்றவர் பதில் சொல்வதுபோல் வாசிப்பார். எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. குணமதி இதை விளக்கியபோது பச்சைமுத்து, எங்களுதும் அதேதான், கேட்டா பதில் வரணும் என்றார்.

அவர் முன்னெச்சரிக்கையாகத்தான் இருந்தார். மர்சேல் ஒரு மண் குடமும் பூவும் வாங்கி வைத்திருந்தார். அவற்றை வெளியே எடுத்துப் போகச் சொன்னார் பச்சைமுத்து. மஞ்சள், கற்பூரம், ஒன்றும் கூடாது என்றார். முதலில் வெறும் பம்பை மட்டும் அடித்தார். எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் பாட்டும் வேண்டும் என்றார்கள். பாட்டு பேரில்லாமல் நிற்காது என்றார் இவர். ஏதாவது ஒரு பெயரைப் போடச் சொல் என்றார் மர்சேல். எந்தப் பேராக இருந்தாலும் அது யாருக்காவது சொந்தமாகத்தானே இருக்கும் என்றார் பச்சைமுத்து. கடைசியில், பேர் வருகிற இடத்தில் பாடாமல் ஓர் அடி மட்டும் அடித்துவிடுவது என்று முடிவானது.

சிவப்பு விளக்கு எரிந்தது. டேப் சுழன்றது.

பாட்டு ஏறிக்கொண்டே போனது. பேர் வர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு வெறும் அடி. அந்த வெற்றிடம் வர வர, யாரோ வாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல் இருந்தது குணமதிக்கு. வியர்வை வழிந்து அவர் கண்ணை மூடினார். அடுத்த முறை அந்த இடம் வந்தபோது கை அடிக்கவில்லை. நாக்கு சொல்லிவிட்டது.

“பாஞ்சாலீ…”

ஓதிலின் குழல் பதில் சொன்னது. அடித்தொண்டையில் தொடங்கி நீண்டு, சட்டென்று மேலே தூக்கி, வெட்டினாற்போல் முடிகிற ஓர் இழுப்பு. பச்சைமுத்துவின் குச்சி அந்தரத்தில் நின்றது. குழல் மறுபடியும் அதையே வாசித்தது. ஏரிக்கரையில் நின்று பாஞ்சாலி மகளைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. எம்மா செண்பகம் என்று அவள் கூப்பிட்டால் அக்கரையில் ஆடு மேய்க்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகளையும் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. யார் கேட்பது? அவர் கேட்கக் கூடாது. வேறு யாருக்கும் தெரியாது. டேப் முடிந்துவிட்டது. விளக்கு அணைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஓதில் தண்ணீர் கேட்டாள். குணமதி ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தாள். நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இன்னும் கேட்டாள்.

ஜீப்பில் திரும்பித் திண்டிவனத்தில் இறங்கும்போது பச்சைமுத்து, “அந்தம்மா எப்பவும் அப்படித்தான் தூக்கிக் குடிப்பாங்களா?” என்று கேட்டார். கவனித்ததில்லை என்றாள் குணமதி. அது உண்மை.

ஐந்து பேரும் ஊருக்குப் போனார்கள். செண்பகத்துக்கு விழுப்புரத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை முருகையன் ரயில்வேயில் வேலை பார்த்தான். அவன் தாயார் லட்சுமியம்மாள் எதற்கும் அதட்டாத மனுஷி. ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். பெண்ணின் அம்மா வந்து சரி என்று சொல்லட்டும், தையில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அம்மா வராத வீட்டுப் பெண்ணை எடுத்தால் செத்தவள் எப்போது வேண்டுமானாலும் வாசலில் வந்து நிற்பாள் என்பது அவள் பயம்.

மார்கழி கடைசியில் ஏரிக்கரையில் அழைத்தார்கள். விழுப்புரத்துக்குப் பக்கத்திலிருந்து தாண்டவராயன் என்ற பம்பைக்காரர் வந்திருந்தார். அதற்குள் பழக்கமாகியிருந்த செண்பகம் கூப்பிட்டதால் குணமதியும் போயிருந்தாள். பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடுகிற குடும்பம் அவளுடையது. அன்று அவள் சாப்பாட்டை மறந்து நின்றாள். செண்பகம் ஈரப் புடவையோடு கும்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். தாண்டவராயன் மதியத்திலிருந்து பாடினார். கும்பத்துப் பூவில் ஒரு இதழ் அசையவில்லை. கூட்டம் கிசுகிசுத்தது. பம்பையை இறக்கி வைத்தபோது தாண்டவராயனின் குரல் கம்மிப்போயிருந்தது.

“யாருமே இல்லாத எடத்துல பாடுனா எனக்குத் தெரியும், பச்ச. இது அப்படி இல்ல. ஒம் பொஞ்சாதி ஏற்கெனவே எங்கியோ போய் நின்னுக்கினு இருக்கா. அங்க ஒரு வேல முடியல, அதான் வர மாட்டேன்றா.”

லட்சுமியம்மாள் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். கல்யாணம் நின்றுவிட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செண்பகம் அதே ஈரப் புடவையோடு கரையில் உட்கார்ந்து, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏரியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

பச்சைமுத்து நேராகக் குணமதியிடம் வந்தார். “அந்தத் தட்டு வந்துச்சா?”

வந்திருந்தது. மறுநாள் கடைக்கு எடுத்து வந்தாள். உறையின் பின்பக்கம் அவர் பெயரையும் போட்டிருந்தார்கள். தட்டுக்கு என்ன பேர் என்று கேட்டார். கூப்பிடு தூரம் என்று அர்த்தம் என்றாள். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

திண்டிவனத்தில் எல்லோரும் கேசட்டுக்கு மாறியிருந்தார்கள். தட்டு சுழற்றுகிற மிஷின் விழுப்புரத்தில் சவுரியம்மாளிடம் இருக்கிறது என்று தெரிந்தது. புருஷன் விட்டுப்போன சவுண்ட் சர்வீஸை ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் நடத்திக்கொண்டிருந்த அம்மாள் அவள். இருவரும் கொண்டுபோன தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“இன்னாம்மா இது, மேளக்காரங்க அஞ்சு பேரும் ஆளுக்கொரு கல்யாணத்துக்கு வாசிக்கிறாப்பல இருக்குது? என் ஸ்பீக்கருக்கு சீக்கு வந்தா நீதான் வைத்தியம் பார்க்கணும்.”

பம்பை கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். பச்சைமுத்து கொண்டுவந்திருந்த பித்தளைக் கும்பத்தில் தண்ணீர் ஊற்றி, பூச்சுற்றி, ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தார். அந்தப் பேர் வந்தது. குழலின் கூப்பாடு வந்தது, மறுபடியும் வந்தது. தட்டு முடிந்தது. முள் கடைசி வளையத்திலேயே சுற்றிக்கொண்டு, யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுவதுபோல் டக், டக் என்றது. சவுரியம்மாள் முள்ளைத் தூக்கக் கை நீட்டினாள்.

“எடுக்காத தங்கச்சி,” என்றார் பச்சைமுத்து. பிறகு குணமதியிடம் திரும்பினார். “நான் கேக்கக் கூடாதும்மா. வந்தது அந்தம்மா மேல. அந்தம்மா பாஷையில நீ கேளு. அப்புறம் நம்ம பாஷையில கேளு.”

தானாக ஒரு வார்த்தை பேசாதவள், செத்துப்போனவளிடம் பேச வேண்டும். அவள் குடும்பத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனாலும் செண்பகம் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது கண்முன் வந்தது. குணமதி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து, பிரெஞ்சில், முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள். யார் வந்திருக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன வேண்டும்? வீட்டுக்கு வருகிறீர்களா? பிறகு தமிழில் அதையே கேட்டாள். தன் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கரண்ட் போய்விட்டது. தட்டு சுழல்வது மெதுவாகி, டக் டக் சத்தம் இடைவெளி விட்டு, இன்னும் இடைவெளி விட்டு, நின்றது. ஸ்டேஷனில் என்ஜின் ஏதோ நகர்ந்திருக்க வேண்டும். கும்பத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. சவுரியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி, “யாரோ கெளம்பிப் போறாப்பல இருக்குதே,” என்றாள்.

பச்சைமுத்து கும்பத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். திண்டிவனம் பஸ்ஸில் மூன்று டிக்கெட் எடுத்தார். இன்னொரு ஆள் எங்கே என்றான் கண்டக்டர். வந்துக்கினு இருக்கா என்றார் அவர். கும்பத்துக்குப் பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை.

தை பிறந்ததும் மறுபடியும் ஏரிக்கரை. தாண்டவராயன் பம்பையைத் தோளில் மாட்டி முடிக்கவில்லை, செண்பகத்தின் தலை ஆடிவிட்டது. கேள்வி கேட்பதற்கு முன்பே அவள் வாயிலிருந்து அந்தக் கூப்பாடு கிளம்பியது. எம்மா செண்பகம் என்று, தன் பேரைத் தானே, ஏரி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். அக்கரையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். தாண்டவராயன் யாரென்று கேட்டார், பதில் வந்தது. என்ன வேண்டும் என்றார். கல்யாணத்தை நடத்தச் சொன்னாள். லட்சுமியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பச்சைமுத்து செம்பை நீட்டினார். அது அவர் ஐந்து வருஷமாகக் கொடுக்கக் காத்திருந்த தண்ணீர்.

“தண்ணி வேணாம்,” என்றாள் செண்பகம், அவளுடையதல்லாத நிதானத்தோடு. “அங்க குடுத்தாங்க.”

குணமதி கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு பச்சைமுத்து பம்பையை எடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களைத் தாண்டவராயனிடம் அனுப்பிவிட்டார். கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு, முன்போலவே போகிறவர் வருகிறவர்களை நக்கலடித்துக்கொண்டு இருந்தார். ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். ஓதிலிடமிருந்து குணமதிக்குக் கடிதம் வந்தது. தட்டு ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறது, ரேடியோவில் போடுகிறார்கள், எல்லோருக்கும் அந்தக் கடைசிப் பாட்டுத்தான் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். சந்தோஷப்படுவார் என்று குணமதி கடைக்குப் போய் அதைச் சொன்னாள்.

அவர் சந்தோஷப்படவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தின வாரம்தான் முருகையன் வந்துவிட்டுப் போயிருந்தான். செண்பகத்துக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் சில நேரம் பட்டப்பகலில், கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருப்பவள் கரண்டியைப் போட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே ஓ என்று குரல் கொடுத்து எழுந்து வாசலுக்குப் போகிறாள். யாரென்று கேட்டால், அம்மா வெளியே போறாங்க, எங்கேன்னு தெரியல என்கிறாளாம். கொஞ்ச நேரம் கழித்து, வந்துட்டாங்க என்று தானே அடுப்படிக்குத் திரும்பிவிடுவாளாம்.

“எத்தினி வூட்ல இருக்கும் அந்தத் தட்டு?” என்றார்.

தெரியாது என்றாள் குணமதி.

“போடற ஒவ்வொரு வாட்டியும் நான் கூப்புடறேன். அவளும் எழுந்து எழுந்து போறா. போய் நின்னா, அங்க ஒரு வார்த்த சொல்லி அனுப்ப ஆளில்ல.” தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் குணமதியிடம் கேட்டுக்கொண்டார்:

“அந்தம்மாவுக்கு ஒண்ணு எழுதும்மா. தட்டப் போட வேணாம்னு சொல்லல. போட்டா கடைசி வரைக்கும் வுடணும், நடுவுல எடுக்கக் கூடாது. பக்கத்துல ஒரு செம்புத் தண்ணி வெக்கணும். முடிஞ்சதும், அவங்க பாஷையிலயே சொன்னாப் போதும், போய்ட்டு வாம்மான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு.”